பனிக்கட்டி விழ மறுக்கும்போது

பனிக்கட்டி ஒரு காலத்திற் கப்பலேறி வந்த பண்டமாகும். 1833 ஆம் ஆண்டில் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், குளிர்காலத்தில் ஏரிகளிலே உறைந்த பனியை வெட்டியெடுத்து, பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக எஞ்சியதே விலையாயிற்று. சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டிக் களஞ்சியமாயிருந்த கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் நிலவுகின்றது. இயந்திரத்தினாற் பனிக்கட்டி செய்வதற்கு 1851 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் புளோரிடாவைச் சேர்ந்த ஜோன் கொறி என்னும் வைத்தியர். காய்ச்சலால் வாடும் நோயாளரின் அறையைக் குளிரச் செய்வதே அவரது நோக்கமாயிருந்தது.

இன்று அப்பண்டம் எமது அடுக்களைக்குள்ளேயே பிறக்கின்றது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறவாமலே, முகப்பிலுள்ள நெம்பினைக் கோப்பையால் அழுத்தினால், கட்டிகள் கலகலவென்று விழுகின்றன. விழும்வரை அதன் அருமை தெரிவதில்லை. விருந்தினர் வந்திருக்கும் ஒரு மதியவேளையில், அழுத்தியும் ஒன்றும் விழாதபோதுதான் தெரிகின்றது.

அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு எழுதியிருந்தார். அவர் இல்லத்துப் பெட்டியில் நெம்பினை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகுகின்றதாம். கட்டி மட்டும் விழுவதில்லையாம். வந்து பார்த்தவர் பெட்டியைத் திறந்தும் பாராமல், "மின்பலகை போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று கூறி, ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய ஒரு தொகையையும் சொல்லிச் சென்றாராம். "கொடுத்துவிடலாமா?" என்பது அம்மையாரின் வினா. இதே வினா வேறு இல்லங்களிலும் எழக்கூடுமாதலால், இவ்வாரம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகின்றோம்.

பழுதா, காத்திருப்பா?

இப்பொறியைப் பற்றி முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அது பெரும்பாலும் கெட்டுப்போனதனால் நிற்பதில்லை; நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதனாலேயே நிற்கின்றது. கதவு சற்றே திறந்திருந்தால் அது நிற்கும். தொட்டி நிறைந்துவிட்டால் நிற்கும். குளிர் போதாவிடினும் நிற்கும். தண்ணீர் வராவிடினும் நிற்கும். பிள்ளைகள் விளையாடாதிருக்க வைத்த பூட்டு இடப்பட்டிருந்தாலும் நிற்கும். இவற்றுள் எதுவும் பழுதன்று. தனக்கு வேண்டிய ஒன்று கிடைக்கும்வரை அது காத்திருக்கின்றது. அது எதற்காகக் காத்திருக்கின்றது என்று கண்டறிவதே நமது வேலை. பணம் கொடுத்து எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன்னர் இதனைச் செய்துவிடல் வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

பின்புறத்திலுள்ள சிறு வால்வு ஒன்று சில விநாடிகள் திறந்து, அச்சுத்தட்டினுள் அளவாகத் தண்ணீர் விடுகின்றது. தட்டின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 9 அல்லது 10 பாகை செல்சியசுக்கு இறங்கியதும், நீர் நன்கு உறைந்துவிட்டது என்று பொறி அறிந்துகொள்கின்றது. அதன்பின் சில பெட்டிகளில் ஒரு சூடேற்றி தட்டினை இலேசாக வெதுப்ப, விரல்போன்ற கம்பிகள் கட்டிகளைத் தள்ளிவிடுகின்றன. வேறு சிலவற்றில், நாம் கையால் முறுக்குவது போலவே தட்டு தானாக முறுகிக் கட்டிகளை உதிர்க்கின்றது. உதிர்ந்தவை கீழேயுள்ள தொட்டியிற் சேர்கின்றன. தொட்டி நிறைந்ததா என்பதை ஒரு கம்பிக் கையோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கதிரோ பார்த்துக்கொள்கின்றது.

தொட்டிக்குள், இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் உள்ளது போன்ற ஒரு திருகுதண்டு கிடக்கின்றது. நெம்பினை அழுத்தினால் மோட்டர் அத்தண்டைச் சுழற்ற, கட்டிகள் முன்னுக்குத் தள்ளப்பட்டு, சரிவுக் குழலின் வாயிலுள்ள மூடுதகடு திறந்து, கோப்பைக்குள் விழுகின்றன.

ஆகவே இங்கு இரு வேலைகள் உள. ஒன்று செய்தல், மற்றது வழங்கல். எது நின்றது என்பதை அறிய வேறு கருவி வேண்டியதில்லை. கதவைத் திறந்து தொட்டியைப் பாருங்கள். கட்டிகள் இருந்தும் விழவில்லையெனில் வழங்கலிலே தடை. தொட்டி வெறுமையாயின் செய்தலிலே தடை. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒலியைக் கேளுங்கள்

தொட்டியிற் கட்டிகள் இருக்குமாயின், கதவை நன்கு மூடி, நெம்பினை அழுத்திக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒலியே இல்லையெனில், முதலில் முகப்பிலுள்ள பூட்டுக் குறியைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அது இடப்பட்டிருக்கலாம். வழக்கமாக அப்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் நீங்கிவிடும். அடுத்து, கதவு முழுமையாக மூடுகின்றதா என்று பாருங்கள். கதவு மூடியிருப்பதை உணரும் சிறிய ஆளி ஒன்று உண்டு. மீன் பொட்டலமோ போத்தலோ கதவை ஒரு நூலளவு தள்ளி நின்றாலும், அவ்வாளி மோட்டருக்கு மின்சாரம் விடாது.

முனகல் கேட்டும் தண்டு சுழலவில்லையெனில், கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிட்டன எனலாம். தண்டு சுழலும் ஒலி கேட்டும் எதுவும் விழவில்லையெனில், ஒன்றில் சரிவுக் குழலிற் பனி படிந்து அடைத்திருத்தல் வேண்டும். அன்றேல் தொட்டி தன் இடத்திற் சரிவரப் பொருந்தாமையால் மோட்டரின் கொக்கி தண்டைப் பற்றாமல் வெறிதே சுழலுதல் வேண்டும். தொட்டியை வெளியே எடுத்து, கொக்கியைக் காற் சுற்றுத் திருப்பி, மீண்டும் "டக்" என்று அமரும்வரை தள்ளினால் இப்பின்னது தீர்ந்துவிடும்.

வெள்ளவத்தை அம்மையாரின் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. மோட்டர் முனகுகின்றதெனில் அதற்கு மின்சாரம் வந்து சேர்கின்றது என்பதே பொருள். மின்சாரத்தை அனுப்புகின்ற பலகையை முதலிற் குற்றஞ்சாட்ட நியாயமில்லை. தொட்டியைத் திறந்து பாராமற் பலகையை மாற்றச் சொன்னது, நாக்கைப் பாராமல் மருந்து எழுதியது போலாகும்.

பாறையாகிவிட்ட தொட்டி

கட்டிகள் ஒட்டிக்கொள்வதற்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது மின்தடை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறன்று நாடு முழுவதும் இருண்டதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளைகளிற் கட்டிகளின் மேற்புறம் சற்றே உருகுகின்றது. மின்சாரம் மீண்டதும் உருகிய நீர் உறைந்து கட்டிகளை ஒன்றாகப் பிணைத்துவிடுகின்றது. எனவே நீண்ட மின்தடையின் பின்னர் தொட்டியை எடுத்துப் பார்ப்பதை ஒரு வழக்கமாகக் கொள்ளல் நன்று.

இரண்டாவது காரணம் பாவியாமை. விருந்தினர் வரும்போது மட்டும் நெம்பினைத் தொடும் வீடுகளிற் பழைய கட்டிகள் நாட்கணக்கில் அசையாது கிடந்து ஒட்டிக்கொள்கின்றன. தேவை இருப்பினும் இல்லாவிடினும் நாளுக்கு ஒருமுறை சில கட்டிகளை எடுத்துவிட்டால் தண்டு சுழன்று அவற்றைக் கலைத்துவிடும்.

மூன்றாவது ஈரக்காற்று. கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் இதுவே பெரும் பகை. குழலின் மூடுதகட்டில் ஒரு பனித்துண்டு சிக்கி, அது முழுதும் மூடாது நின்றால், அவ்விடைவெளியால் ஈரக்காற்று புகுந்து உள்ளே பனியாகப் படியும். கதவைச் சூழ்ந்த றப்பர் தளர்ந்திருந்தாலும் அவ்வாறே. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் றப்பர் அவ்விடத்தில் தன் கடமையைச் செய்யவில்லை என்று அறியலாம். றப்பரைச் சவர்க்கார நீரால் துடைத்து அழுக்கு நீக்கினாலே பலவேளை சரியாகிவிடும்.

பாறையான தொட்டியைத் திருத்தும் முறை எளிது. செருகியைக் கழற்றிவிட்டுத் தொட்டியை வெளியே எடுங்கள். கழுவுதொட்டியில் வைத்து, கட்டிகளைத் தானாக உருகவிடுங்கள். அவசரமாயின் வெதுவெதுப்பான நீர் ஊற்றலாம். கொதிநீர் ஆகாது; குளிர்ந்த பிளாஸ்ரிக் வெடித்துவிடும். பின்னர் தொட்டியையும் தண்டையும் ஈரம் ஒரு துளியும் இல்லாதவாறு துவாயாற் துடைத்து உலர்த்துதல் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஈரத்துடன் திரும்ப வைத்த தொட்டி, விழும் முதற் கட்டிகளைப் பசைபோலப் பிடித்து, அடுத்த பாறைக்கு அத்திவாரமிடும்.

தொட்டி வெறுமையாயின்

தொட்டியிற் கட்டியே இல்லையெனில் மூன்றை வரிசையாகப் பாருங்கள்: கை, குளிர், நீர்.

கம்பிக் கை மேலே தூக்கப்பட்டிருந்தால், தொட்டி நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பொறி ஓய்ந்திருக்கும். அதனைக் கீழே இறக்கிவிடுங்கள். ஒளிக்கதிர் உள்ள பெட்டியாயின், கதிர் செல்லும் சிறு கண்ணாடியில் பனி படிந்திருக்கலாம், மென்துணியாற் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, உறைபெட்டியின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். அங்கே ஒரு வெப்பமானியை ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். குளிர் போதாவிட்டால் அச்சுத்தட்டு தான் காத்திருக்கும் நிலையை அடையாது. கட்டிகள் ஆமைவேகத்திலே விளையும், அன்றேல் விளையவே மாட்டா. பொருள்களை நெருக்கி அடைத்துக் காற்று வரும் துவாரங்களை மறைத்துவிடுவதும், சூடான கறியை அப்படியே உள்ளே வைப்பதும் இதற்கு ஏதுவாகும். புதிதாக நிறுவிய பெட்டியும், நெடுநாள் நின்று மீண்டும் இயங்கும் பெட்டியும் முதற் கட்டிகளைத் தர ஒரு முழுநாள் எடுக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

நீரைப் பொறுத்தவரை, கையால் நிரப்பும் தாங்கி உள்ள பெட்டிகளில் அது வற்றியிருக்கின்றதா, தன் இடத்திற் சரியாக அமர்ந்திருக்கின்றதா என்பதைப் பார்த்தாற் போதும். குழாயுடன் இணைத்த பெட்டிகளிற் சுவரிலுள்ள திறப்பு முழுதும் திறந்திருத்தல் வேண்டும். பின்புறக் குழாய் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கியிருத்தலாகாது. கட்டிகள் சிறுத்தோ நடுவிற் குழிந்தோ வருமாயின், நீர் குறைவாக வருகின்றது என்பதற்கு அதுவே சாட்சி. வடிகட்டியை ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீராயின் இன்னும் விரைவில் அடைபடலாம். அந்நீரின் கட்டி உருகும்போது அடியில் வெண்ணிறத் துகள்கள் காணப்பட்டால் அஞ்சவேண்டாம். கேத்தலின் அடியிற் படிவதும் இச்சுண்ணமே.

கூரைத் தாங்கியின் கணக்கு

எமது வீடுகளிற் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. இப்பெட்டிகள் பெரும்பாலும் நகரக் குழாய் நேரே வரும் வீடுகளுக்காக வகுக்கப்பட்டவை. வால்வு செவ்வனே திறந்து மூடுவதற்குச் சதுர அங்குலத்திற்கு 20 இறாத்தல் அமுக்கமேனும் வேண்டும் என்று பல பெட்டிகளின் கைநூல்கள் கூறுகின்றன. சில அதனினும் அதிகம் கேட்கின்றன. நம்மிற் பலரோ கூரைமேல் தாங்கி வைத்து நீர் பெறுகின்றோம். 10 அடி உயரத்து நீர் தரும் அமுக்கம் ஏறத்தாழ 4.3 இறாத்தலே. 20 இறாத்தல் பெற வேண்டுமாயின் தாங்கி 46 அடி உயரத்தில் நிற்றல் வேண்டும்! எந்த வீட்டுக் கூரையும் அவ்வளவு உயரமில்லை.

இக்கணக்கை அறியாமல் வால்வையும் வடிகட்டியையும் மாறி மாறி வாங்குவதில் யாதொரு பயனுமில்லை. வேண்டியது அமுக்கத்தைக் கூட்டும் ஒரு சிறு பம்பி. அன்றேல் வாங்கும்போதே கையால் நிரப்பும் தாங்கியுள்ள பெட்டியைத் தெரிந்தெடுத்தல்.

அமுக்கம் குறைந்த இடங்களில் இன்னொரு தொல்லையும் நேரும். வால்வு இறுக மூடாது சொட்டுச் சொட்டாக ஒழுகி, அச்சுத்தட்டுக்கு நீரூட்டும் குழலின் வாயிலேயே உறைந்து அதனை அடைத்துவிடும். செருகியைக் கழற்றி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அக்குழலின்மேற் சுற்றிவைத்தால் அடைப்பு உருகும். ஆயினும் அமுக்கம் சீர்படும்வரை அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

செய்யத் தகாதன

பனியை அகற்றக் கத்தியோ திருப்புளியோ எடுத்தலாகாது. இன்றைய வீட்டுப் பெட்டிகளிற் பலவற்றின் குளிர்ச்சுருளில் ஓடுவது ஐசோபியூட்டேன் என்னும் வாயு. ஆர் 600 ஏ என்று பின்புறத் தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். அளவிற் சிறிதாயினும் அது தீப்பற்றக்கூடியது. சுருளிற் துளை விழுந்தால் வாயு வெளியேறும். அத்துடன் பெட்டியின் ஆயுளும் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகையால் மெழுகுவர்த்தி, ஊதுவிளக்கு முதலிய சுவாலையைப் பெட்டிக்கு அருகே கொண்டுசெல்லவே கூடாது.

சரிவுக் குழலுக்குள்ளும் தொட்டிக்குள்ளும், செருகி செருகியிருக்கையிற் கைவிடலாகாது. கட்டியை நொருக்கித் தரும் பெட்டிகளில் அங்கே கூரிய தகடுகள் உள. ஐந்து நிமிட அவசரத்துக்கு ஒரு விரலைப் பணயம் வைப்பது எந்த இல்லத்துக்கும் கட்டுபடியாகாது. பிள்ளைகளுக்கும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும்.

திருத்துபவரிடம் கூறவேண்டியவை

மேற்கூறிய யாவும் செய்தும் பயனில்லையெனில், அப்போது தேர்ந்த ஒருவரை அழைக்கத் தயங்கலாகாது. மோட்டர், வால்வு, ஆளி, மின்பலகை ஆகியனவும் கெடுவதுண்டு. அவை நம் கைக்குரியவை அல்ல. ஆயின் அழைக்கும்போது, "ஐஸ் வரவில்லை" என்று மட்டும் கூறாது, நீங்கள் கண்டதைக் கூறுங்கள். தொட்டியிற் கட்டி உண்டா, இல்லையா. அழுத்தும்போது என்ன ஒலி கேட்கின்றது. எப்போது தொடங்கியது, அதற்கு முன்னர் மின்சாரம் தடைப்பட்டதா. நீர் எவ்வழியாக வருகின்றது. வடிகட்டி எப்போது மாற்றியது. இவ்வைந்தையும் கேட்ட நேர்மையான திருத்துபவர் மகிழ்வார்; அவர் வேலை எளிதாகின்றது. நேர்மையில் தளர்ந்தவரும், இவ்வீட்டிற் பார்க்கத் தெரிந்தவர் இருக்கின்றார் என்று உணர்ந்துகொள்வார். எதனை மாற்றினாலும், கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்ல வழக்கமாகும்.

தூய்மை

இறுதியாக ஒன்று. உறைதலினால் நீரிலுள்ள கிருமிகள் யாவும் இறந்துவிடுவதில்லை. பல உறங்கிக் கிடந்து, கட்டி உருகியதும் விழித்துக்கொள்கின்றன. கரி வடிகட்டி சுவையையும் மணத்தையும் சீராக்குமேயன்றி, அது ஒன்றே கிருமி நீக்கும் என்று நம்பிவிடலாகாது. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகும் வீடுகள், கையால் நிரப்பும் தாங்கியிலும் அந்நீரையே ஊற்றுதல் வேண்டும். காய்ச்சிய நீரை ஒரு கோப்பையில் எடுத்து, காய்ச்சாத நீராற் செய்த கட்டியை அதில் இடுவதனாற் காய்ச்சிய பயன் போய்விடும். தொட்டியை மாதத்துக்கு ஒருமுறை கழுவி உலர்த்துவதும், வடிகட்டி மாற்றியபின் முதலில் விளையும் கட்டிகளை எறிந்துவிடுவதும் அவசியம்.

இயந்திரங்கள் நம் இல்லங்களிற் பெருகிவரும் இக்காலத்தில், அவை ஒவ்வொன்றின் நுட்பத்தையும் கற்றுக்கொள்ள எவராலும் முடியாது. ஆயினும் பார்க்கவும் கேட்கவும் யாவராலும் முடியும். பணப்பையைத் திறக்குமுன் பெட்டியின் கதவைத் திறந்து பார்ப்பவருக்கு வீண்செலவிற் பாதி குறையும்.

அடுத்த வாரம், துவைக்கும் இயந்திரத்திலிருந்து நீர் வடியாது தேங்கி நிற்பதற்கான காரணங்களை ஆராய்வோம்.